கிழக்கில் பெண்களின் உழைப்பை ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய பேராசிரியர்களே, விரிவுரையாளர்களே, நிறுவனங்களுக்காக அறிக்கை எழுதும் ஆலோசகர்களே, கலாநிதிப் பட்டத்துக்காக மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் வந்துபோகும் தம்பி தங்கைகளே,

கல்லடியிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். இருபது வருடமாக முறைசாராத் தொழில், பெண்கள், அபிவிருத்தி என்று இதே வட்டத்துக்குள்தான் நானும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தனித்தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் விசயம் ஒருவருடையது இல்லை, எல்லோருடையதும், என்னுடையதும்கூட. அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். சமூகவியல் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது, நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஒரு ஆய்வுக்காகக் களத்தில் தகவல் எடுத்துக்கொடுத்திருக்கிறாள். பெண்களின் ஊதியமற்ற உழைப்பைப் பற்றிய ஆய்வு அது. மொத்தம் 64 படிவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்து கதைத்து, பதிவுசெய்து, இரவில் அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து, பிறகு முக்கியமான இடங்களை ஆங்கிலத்திலும் போட்டுக்கொடுத்திருக்கிறாள். நான்கு மாதமாகக் காசு வரவில்லை. நியமனக் கடிதம் இல்லை, நாளுக்கு எவ்வளவு என்று எழுதிய ஒரு தாளும் இல்லை, வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவு மட்டும்தான் அவளிடம் இருக்கிறது. அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதைப் போலக் கேட்டாள்: "மிஸ், நான் செய்யிற இந்த வேலை, நீங்க படிப்பிச்ச எந்த வகைக்குள்ள வரும்?"

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்த்தான் அதைச் சொல்ல முடியும்.

நான் இந்தத் துறைக்குள் வந்தது 2005 இல். அதற்கு முந்தின வருடம் மார்கழி 26 இல் சுனாமியாகக் கடல் வந்து போயிருந்தது. நாவலடி, டச்பார், திருச்செந்தூர், அந்தப் பக்கம் காரைதீவு, மருதமுனை, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்கத் தகரக் கொட்டில்கள். படிவத்தோடு வருகிற ஆட்களுக்குக் குறைவே இல்லை. தமிழ் தெரிந்த, கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்த பெட்டைகள் எல்லோருக்கும் வேலை கிடைத்தது. ஒரு படிவத்துக்கு 60 ரூபாய் தந்தார்கள். பஸ் காசு எங்களுடையது.

அந்தப் படிவத்தின் முதல் கேள்வி 'குடும்பத் தலைவர் யார்?' என்பது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, அது உங்களுக்கும் தெரியும். தாய்வழிக் குடி, மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும், கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து களப்பணி தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் படிவத்தில் 'தலைவர்' என்றதும் பெண்கள் புருசனின் பெயரைச் சொன்னார்கள், நாங்களும் எழுதினோம். பிறகு கரையிலிருந்து உள்ளே தள்ளி அரசாங்கக் காணிகளில் கட்டிக் கொடுத்த வீடுகள் பல இடங்களில் ஆண்களின் பெயருக்குப் போயின. தாய் தன் மகளுக்குக் கொடுக்க வைத்திருந்த வளவைக் கடல் எடுத்தது, பதிலுக்கு வந்த வீட்டைப் படிவம் எடுத்தது. இதை முதலில் கவனித்துச் சொன்னது எங்களோடு படிவம் எழுதின திருக்கோவில் அக்கா ஒருவர். கூட்டத்தில் கையை உயர்த்தி, "சேர், இஞ்ச வீடு பொம்புளையளுக்குத்தான், இந்தக் கேள்விய மாத்துங்க" என்றார். கேள்வியை மாற்றவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்த ஆய்வின் கட்டுரை வெளிவந்தபோது, அதன் பிரதானக் கண்டுபிடிப்பே அந்த அக்கா சொன்ன விசயம்தான். நன்றியுரையில் 'உள்ளூர் உதவியாளர்கள்' என்று இரண்டு சொல். அவரும் அதற்குள், நானும் அதற்குள்.

அந்த அக்கா பிறகு படிக்கவில்லை. நான் படித்தேன்.

படித்ததில் நிறைய விசயம் விளங்கியது என்பதையும் சொல்ல வேண்டும், இந்தப் படிப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. 2008 இல், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில் பாய் இழைக்கிற பெண்களோடு இருந்தேன். மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறந்தது, அதுவரை 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். அங்கே ஒரு பெரியம்மா. நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுப்பார். விடிந்தபிறகு மாட்டை அவிழ்த்துவிட்டு, தண்ணி அள்ளி, மகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, குளத்தடியில் பாய்க்கான பன்புல் வெட்டிக்கொண்டு வந்து, காயப்போட்டு, சாயம் போட்டு, பின்னேரம் முழுக்கப் பாய் இழைப்பார். நெல் வெட்டுக் காலம் வந்தால் வயலுக்குப் போவார். நான் படிவத்தை விரித்து, "பெரியம்மா, நீங்க என்ன வேலை செய்யிறீங்க?" என்று கேட்டேன். கை பாயிலிருந்து எடுபடவே இல்லை, இழைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வேலயும் இல்ல மகள். சும்மாதான் வீட்ட இருக்கன்."

நான் 'தொழில்: இல்லை' என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன்.

அடுத்த வருடம் பட்டமேற்படிப்பில் மரியா மீஸைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியம்மாவின் கை ஞாபகத்துக்கு வந்தது. ஜெர்மனியச் சமூகவியலாளர். ஆந்திராவில் நர்சாபூர் என்ற ஊரில் லேஸ் பின்னும் பெண்களோடு இருந்து எழுதியவர். அந்தப் பெண்கள் பின்னியது கடல் கடந்து ஏற்றுமதியானது, வியாபாரிகள் பணக்காரர் ஆனார்கள், பின்னியவர்களை மட்டும் 'வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்' என்று எல்லோரும் சொன்னார்கள், அதனால்தான் அவ்வளவு குறைந்த கூலி கொடுக்க முடிந்தது என்று அவர் காட்டினார். 'சும்மா' என்ற சொல்லுக்கு விலை இருக்கிறது, அந்த விலையை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். இலங்கையில் தொழிற்படையில் இருக்கும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று ஒவ்வொரு வருடமும் கணக்கு வருகிறது, பெண்கள் வேலைக்கு வருகிறார்கள் இல்லை என்று கட்டுரைகளும் வருகின்றன. சர்வதேச வரையறைப்படி, விற்பதற்காகவோ கூலிக்காகவோ கணக்கெடுக்கும் கிழமையில் ஒரு மணித்தியாலம் உழைத்திருந்தாலே அவர் தொழில் செய்பவர். பெரியம்மா விடிய முன்னமே அந்த ஒரு மணித்தியாலத்தை முடித்துவிடுவார். கேட்கிற விதம் பிழை. "இந்தக் கிழமை எத்தனை பாய் வித்தீங்க?" என்று கேட்டிருந்தால் அவர் கணக்கோடு சொல்லியிருப்பார்.

சரி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் பாடக்குறிப்புகளிலும் இருக்கிறது. நான் கேட்பது வேறு. பாய் இழைக்கிற பெண்ணின் உழைப்பைக் காணத் தெரிந்த எங்களுக்கு, எங்கள் பக்கத்தில் இருந்து படிவம் எழுதுகிற பெண்ணின் உழைப்பு ஏன் தெரியவில்லை?

'முறைசாரா' என்ற சொல்லே 1970களின் தொடக்கத்தில் வந்தது. கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர் கானாவின் தலைநகர் அக்ராவில், ஒழுங்கான சம்பள வேலைக்கு வெளியே மக்கள் எப்படியெல்லாம் பிழைக்கிறார்கள் என்று பார்த்து எழுதினார். 1972 இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1993 இல் தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் சர்வதேச மாநாடு வரையறை எழுதியபோது நிறுவனத்தைப் பார்த்தது: பதிவில்லாத சிறு முயற்சி என்றால் அது முறைசாராத் துறை. பத்து வருடம் கழித்து, 2003 இல், அது போதாது என்று கண்டு வேலையையே பார்த்தார்கள். நிறுவனம் எவ்வளவு பெரிதாக, பதிவோடு, பெயர்ப்பலகையோடு இருந்தாலும், அங்கே வேலை செய்கிறவருக்கு நடைமுறையில் சட்டப் பாதுகாப்பும் சமூகப் பாதுகாப்பும் இல்லை என்றால் அது முறைசாரா வேலைதான்.

என் வீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளைக்கு இந்த 2003 வரையறையைத்தான் எடுத்துக் காட்டினேன். "2003, புள்ள. நீ அதுக்குள்ள." வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

எங்கள் நாட்டில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்தது. ஓய்வுகாலச் சேமிப்பு அது. சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். தற்காலிக வேலைக்காரருக்கும் துண்டு வேலைக்காரருக்கும் அது உரியது என்று மாணவர்களுக்குப் படிப்பிக்கிறோம். ஆனால் படிவத்துக்கு இவ்வளவு என்று துண்டு வேலை கொடுத்து இத்தனை ஆய்வுகள் நடந்திருக்கின்றன, நான் களத்தில் நின்ற ஆறு வருடத்தில் ஒருவர்கூட எனக்கோ என்னோடு நின்றவர்களுக்கோ ஒரு சதம் கட்டவில்லை. பிறகு நான் தற்காலிக விரிவுரையாளராக ஒப்பந்தம் ஒப்பந்தமாக நின்று, நிரந்தரமாகி, எனக்கென்று சொந்தமாக ஆய்வு நிதி கிடைத்தபோது, முதல் ஆய்வில் நானும் அதையேதான் செய்தேன். மூன்று பிள்ளைகள். படிவத்துக்கு இவ்வளவு. கடிதம் கொடுக்கவில்லை. எனக்குச் செய்ததை நான் செய்தேன், அதை முறை என்றே நினைத்திருந்தேன். அந்த மூன்று பேருக்கும் இப்போது தனித்தனியாக எழுதியிருக்கிறேன், தரவேண்டியதைத் தந்திருக்கிறேன். ஒருவர் கட்டாரில் இருக்கிறார்.

களத்தில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள், ஏனென்றால் 'தகவல் சேகரிப்பு' என்ற சொல்லுக்குள் அது அடங்காது. கிழமைக்குக் கிழமை லோன் கட்டுக்காசு கட்டுகிற நாளில் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். லோன்காரர் சென்டருக்கு வருகிற நாளில் வாசலில் புது முகம் நின்றால் வீட்டுக்காரி பின்கதவால் போய்விடுவாள். 'மாமியாரின் கட்டுப்பாடு' என்று இந்தியப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட கேள்விக்கு எங்கள் ஊரில் அர்த்தம் குறைவு, இங்கே பெண் தன் தாயோடும் அக்கா தங்கைகளோடும்தான் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும், அவள் அந்த இடத்தில் கேள்வியைத் திருப்பிக் கேட்பாள். 'வலுவூட்டல்' என்றால் பெண்கள் பயிற்சிப் பட்டறையைத்தான் நினைப்பார்கள், அதனால் "உங்கட காச நீங்களே எடுத்துச் செலவழிக்க ஏலுமா, யாரிட்டயும் கேக்கணுமா?" என்று கேட்பாள். மருதமுனையில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற ராத்தாவிடம் எந்த நேரம் போகலாம், எந்த நேரம் தொழுகை, எந்தக் கேள்வியை அவருடைய மகன் இருக்கும்போது கேட்கக்கூடாது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த அறிவை நீங்கள் எந்த நூலகத்திலும் எடுக்க முடியாது. முறையியல் அத்தியாயத்தில் இதைத்தான் நாங்கள் 'நம்பிக்கையை ஏற்படுத்தினோம்' என்று பன்மையில் எழுதுகிறோம்.

நீங்கள் வாகனம் ஏறிப் போனபிறகும் அவள் அங்கேயே இருக்கிறாள், இதை யாரும் யோசிப்பதில்லை. "எங்கட கதைய எழுதிக் கொண்டு போனீங்களே புள்ள, என்ன நடந்தது?" என்று கடையிலும் கோயிலிலும் அவளைத்தான் கேட்கிறார்கள். நுண்கடன் பிரச்சினை கொதித்த காலத்தில் இது உச்சத்தில் இருந்தது. 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது, 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் வாகரையிலும் வாழைச்சேனைப் பக்கத்திலும் ஒரே பெண்ணிடம் நாலு பேர் ஐந்து பேர் வந்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். எத்தனை லோன், எதை அடகு வைத்தீங்கள், புருசன் அடித்தாரா. ஒரு தங்கச்சி என்னிடம் நேராகவே கேட்டாள்: "அக்கா, களை பிடுங்கப் போயிருந்தா இண்டைக்கு அரைநாள் கூலி. உங்களோட கதைச்சதுக்கு எனக்கு என்ன?" 'உங்கள் பிரச்சினையை வெளியில் கொண்டுபோவோம்' என்று பழக்கத்தில் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

தகவல் தருபவருக்குக் காசு கொடுத்தால் தரவு பழுதாகும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள், நானும் படிப்பித்தேன். இப்போது அதை நம்பவில்லை. நாட்கூலியில் வாழ்கிற பெண்ணின் அரை நாளை எடுத்துவிட்டு அதை ஈடுசெய்யாமல் வருவதால் தரவு சுத்தமாகிவிடாது, அவள் சீக்கிரம் முடித்து அனுப்பத்தான் பார்ப்பாள், 'ஓம், இல்லை' என்று சொல்லி அனுப்புவாள். அந்த 'ஓம், இல்லை'களை வைத்துத்தான் எத்தனையோ அட்டவணைகள் போட்டிருக்கிறோம்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். நிதி தருகிறவர்கள் களப் பணியாளர்களுக்கென்று ஒதுக்குவது கொஞ்சம், கணக்குப் பகுதியில் பற்றுச்சீட்டு இல்லாத காசை விடமாட்டார்கள், பதவி உயர்வுக்கு ஆங்கில ஆய்விதழ் கட்டுரைக்குப் புள்ளி இருக்கிறது, படுவான்கரையில் மாதர் சங்கக் கட்டடத்தில் தமிழில் வாசித்துக் காட்டியதற்கு ஒன்றும் இல்லை. உண்மைதான். ஆனால் அகமதாபாத்தில் இலா பட் 1972 இல் சுயதொழில் பெண்களுக்குச் சங்கம் பதியப் போனபோது, உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று அதிகாரிகள் முதலில் பதிய மறுத்தார்கள். படிவத்தில் இடமில்லை என்பதுதான் அங்கேயும் பதிலாக இருந்தது. அவர் விடவில்லை, பதிந்தார். அந்தக் கதையை நாங்கள் வகுப்பில் எவ்வளவு உணர்ச்சியோடு சொல்கிறோம்! எங்கள் கணக்குப் பகுதியிலும் போய் ஒரு தரம் நிற்கலாம்தானே. பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கலாம், அந்தப் பெண்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். விண்ணப்பம் எழுதும்போதே களப் பணியாளருக்கு நாட்சம்பளம் என்று வரி போடலாம், தகவல் தருபவரின் நேரத்துக்கு ஒரு வரி, ஊர் திரும்பி வாசித்துக் காட்டுவதற்கு ஒரு வரி. கடைசியாக நான் செய்த ஆய்வில் இந்த மூன்றையும் போட்டேன், நிதி தந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், விளக்கம் எழுதினேன், தந்தார்கள்.

அந்த வாசிப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வயல் வேலை செய்கிற பெண்களைப் பற்றிய ஆய்வு. அறிக்கையை அனுப்ப முன்னம் தமிழில் சுருக்கி எடுத்துக்கொண்டு போனேன், ஒரு முப்பது பேர் வந்திருந்தார்கள், பிள்ளைகளோடு. வெட்டு மெசின் வந்தபிறகு அறுவடையில் பெண்களின் கூலி நாட்கள் எப்படிக் குறைந்தன என்று கணக்கோடு வாசித்தேன். ஒரு வயதான அம்மா இடையில் நிறுத்தினார். "கூலி போனது சரி மகள். கதிர் பொறுக்கினது எங்க?" என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. கையால் வெட்டிய காலத்தில் வயலில் விழுந்து கிடக்கிற கதிரைப் பெண்கள் பொறுக்கிக்கொண்டு வந்து, அடித்து, அவித்து, குத்தி வைப்பார்கள். வீட்டில் மாரி முடியும்வரை சோறு அதுதான். மெசின் ஓடின வயலில் பொறுக்க ஒன்றும் இல்லை. வயல் சொந்தக்காரரான போடியார் கொடுத்த கூலியும் இல்லை, தான் விற்ற பண்டமும் இல்லை என்பதால் அது என் படிவத்தில் எந்தப் பெட்டிக்குள்ளும் வரவில்லை. அந்த அறைக்குள் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள், எத்தனை சாக்கு, எந்த வயல் கண்டம், யார் யார் கூடப் போவார்கள் என்று. பதினைந்து வருடப் படிப்போடு போன எனக்கு அன்றைக்குத்தான் என் ஆய்வின் நடுப்பகுதி கிடைத்தது. இரண்டு மாதம் திருப்பி எழுதினேன். அந்த அம்மாவின் பெயர், அவருடைய சம்மதத்தோடு, அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கிறது. தகவல் எடுத்த இரண்டு பிள்ளைகளின் பெயர் ஆசிரியர் வரிசையில் என் பெயரோடு இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிய விசயம் எதுவும் இல்லை. அடுத்த தரம் கிழக்குக்கு வரும்போது, உங்களோடு வருகிற பிள்ளைக்கு முதல் நாளே ஒரு கடிதம் கொடுங்கள், நாளுக்கு எவ்வளவு, எப்போது என்று எழுதி. பல மாதம் நீள்கிற வேலை என்றால் சேமலாப நிதியைக் கட்டுங்கள். கேள்வியை அவள் மாற்றச் சொன்னால் கேளுங்கள், அவள் சொன்னது உங்கள் கண்டுபிடிப்பாக மாறினால் அவளை ஆசிரியராகப் போடுங்கள். வெட்டுக் காலத்தில் களத்துக்கு வராதீர்கள், வந்தால் கூலியைக் கொடுத்துவிட்டுக் கதையுங்கள். எழுதியதை அனுப்ப முன்னம் அந்த ஊரில், தமிழில், அந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பதவி உயர்வுக் குழுக்களில் இருக்கிற மூத்தவர்களே, அப்படி வாசித்ததற்கும் ஒரு புள்ளி போடுங்கள், அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அப்புறம், அந்தப் பிள்ளையின் 64 படிவங்கள். அது யாருடைய ஆய்வு என்று நான் இங்கே எழுதவில்லை, எழுத மாட்டேன். இதை வாசிக்கும்போது அவருக்கு விளங்கும். அவளுடைய வங்கிக் கணக்கு இலக்கம் குரல்பதிவுக்குக் கீழே அவள் அனுப்பிய செய்தியில் அப்படியே இருக்கிறது. பெரும்போக விதைப்புக்கு முன்னம் அவளுடைய அம்மா தாலிக்கொடியை மீட்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு சமூகவியல் விரிவுரையாளர்,
கல்லடி, மட்டக்களப்பு